ஒற்றை ஆசிலேட்டருக்கு ஒரு துணை: சிந்தசைசரோடு மாட்யூலரை இணைத்துச் சுருதி சேர்க்கும் முறை

ஒரே ஆசிலேட்டர் (ஒலி அலையை உருவாக்கும் பகுதி) கொண்ட சிந்தசைசரை, அதாவது மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் இசைக்கருவியை, வாங்கிச் சில மாதங்கள் வாசித்தவர்கள், ஒலி மெலிந்து தனியாக நிற்கிறது என்று குறைப்படுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தக் குறை நியாயமானதுதான். ஸட்ஜத்தை விடாமல் ஊதும் ஒத்து இல்லாமல் நாதஸ்வரம் ஒலித்தால் காது எதையோ தேடுகிறது அல்லவா, ஒற்றை அலையை ஃபில்டர் (ஒலியின் சில பகுதிகளை வடிகட்டும் பகுதி) வழியாகக் கேட்கும்போதும் அதே தேடல் எழுகிறது. இதற்காக இருக்கும் கருவியை விற்றுவிட்டுப் பெரியதாக ஒன்று வாங்க வேண்டியதில்லை. கருவியின் முகப்பில் ஜாக்குகள் இருந்தால், வெளியிலிருந்து ஒரு மாட்யூலர் ஆசிலேட்டரை, அதாவது ஒரு வேலைக்கு ஒரு மாட்யூல் என்று தனித்தனியாகச் செய்த கருவிகளில் ஒன்றை, பேட்ச் வயரால் இணைத்து, அதே ஃபில்டருக்குள் இரண்டு அலைகளையும் செலுத்தலாம். சேலத்து வெயிலிலும் சேலத்து மின்சாரத்திலும் இதைச் செய்து பழகிய முறையை, புதிதாகத் தொடங்குபவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

எந்த மாட்யூலை வாங்குவது என்ற கேள்வியிலேயே புதியவர்களின் நேரம் முழுவதும் செலவாகிவிடுகிறது. ஆனால் இரண்டாவது ஆசிலேட்டர் இனிமை தருமா, எரிச்சல் தருமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதன் விலையோ பெயரோ அல்ல, சுருதி. ஆகவே இந்தக் கட்டுரையிலும் சுருதி சேர்க்கும் பகுதிக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் கருவியில் பார்க்க வேண்டியவை

இரண்டு வசதிகள் வேண்டும். வாசிக்கும் ஸ்வரத்தை மின்னழுத்தமாக வெளியே தரும் ஜாக் ஒன்று. வெளி ஒலியை ஃபில்டருக்குள் வாங்கிக்கொள்ளும் ஜாக் இன்னொன்று. 2015-இல் வெளிவந்த மூக் மதர்-32 கருவியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். அதன் 32 ஜாக்குகளில் ‘கேபி’ என்பது முதல் வேலையையும், ‘எக்ஸ்ட். ஆடியோ’ என்பது இரண்டாவது வேலையையும் செய்கின்றன. மற்றக் கருவிகளில் பெயர்கள் மாறும், வேலை மாறாது.

ஸ்வரத்தை மின்னழுத்தமாகச் சொல்வதற்கு மாட்யூலர் உலகில் பரவலாக இருக்கும் வழக்கம், ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட் என்பதாகும். ராபர்ட் மூக் 1960-களில் உருவாக்கிய கருவிகளின் வழியே இது நிலைபெற்றது. மத்திய ஸ்தாயி ஸட்ஜத்துக்கு 1 வோல்ட் என்றால் தார ஸ்தாயி ஸட்ஜத்துக்கு 2 வோல்ட். ஒரு ஸ்தாயியில் 12 அரைச்சுரங்கள் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 83.3 மில்லிவோல்ட் வரும். ஒரு அரைச்சுரத்தை 100 சென்ட்டாகப் பிரிப்பது வழக்கம் என்பதால், ஒரு மில்லிவோல்ட் பிசகினால் ஸ்வரம் 1.2 சென்ட் விலகும். இந்தக் கணக்கை நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

எல்லாக் கருவிகளும் இந்த வழக்கத்தைப் பின்பற்றுவதில்லை. கோர்க் எம்எஸ்-20, 1978-இல் வந்ததும் சரி, 2013-இல் வந்த மினி வடிவமும் சரி, ஒரு ஸ்தாயி ஏறினால் மின்னழுத்தம் இரட்டிக்கும் வேறொரு முறையில் இயங்குகிறது. அதன் ஸ்வர ஜாக்கை நேரடியாக மாட்யூலருக்குக் கொடுத்தால் எந்த ஸ்வரமும் தன் இடத்தில் நிற்காது. இடையில் ஒரு மாற்றி தேவை. திருவிழாக் கச்சேரிகளில் நம் ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் பயன்படுத்தும் சாதாரணக் கீபோர்டுகளில் இந்த ஜாக்குகள் பெரும்பாலும் இருப்பதில்லை. எந்த விசை அழுத்தப்பட்டது என்பதை டிஜிட்டல் செய்தியாக அனுப்பும் அவற்றின் மிடி வெளியீட்டை மின்னழுத்தமாக மாற்றும் சிறு பெட்டி ஒன்றின் மூலம் மாட்யூலை வாசிக்க முடியும் என்றாலும், அப்போது மாட்யூலின் ஒலி கீபோர்டின் ஃபில்டருக்குள் சேராமல் மிக்ஸரில்தான் சேரும். அது வேறு வேலை என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

பெட்டியும் மின்சாரமும்

இன்று அதிகம் கிடைப்பவை யூரோராக் அளவிலான மாட்யூல்கள். ஜெர்மனியின் டோப்ஃபர் நிறுவனம் 1990-களின் நடுவில் ஏ-100 வரிசையைக் கொண்டுவந்தபோது பிறந்த அளவு இது. மாட்யூலின் உயரம் 128.5 மில்லிமீட்டர், அகலத்தை ஹெச்பி என்ற அலகில் சொல்வார்கள், ஒரு ஹெச்பி 5.08 மில்லிமீட்டர். வயர்கள் அனைத்தும் 3.5 மில்லிமீட்டர் மோனோ பின் கொண்டவை.

மாட்யூல் தானாக இயங்காது. +12, −12 வோல்ட் தரும் மின்வழங்கியுடன் கூடிய பெட்டி வேண்டும். ஒவ்வொரு மாட்யூலும் இரு பக்கமும் எத்தனை மில்லியாம்பியர் இழுக்கிறது என்று அதன் கையேட்டில் இருக்கும். +12 பக்கத்தைத் தனியாகவும் −12 பக்கத்தைத் தனியாகவும் கூட்டி, ஒவ்வொரு கூட்டுத்தொகையும் வழங்கியின் திறனில் முக்கால் பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிஜிட்டல் மாட்யூல்கள் +12 பக்கத்தில் கூடுதலாக இழுப்பது வழக்கம் என்பதால் அந்தப் பக்கத்தைக் கவனமாகக் கூட்ட வேண்டும்.

பெட்டிக்கும் மாட்யூலுக்கும் இடையே தட்டையான ரிப்பன் வயர் போகும். அதன் ஒரு ஓரத்தில் இருக்கும் சிவப்புக் கோடு −12 வோல்ட் பக்கத்தைக் குறிக்கிறது. சிவப்பைக் கண்டால் பிளஸ் என்று நினைக்கப் பழகிய நமக்கு இது தலைகீழாகத் தோன்றும். நான் வாங்கிய முதல் மாட்யூலை அப்படித்தான் மாற்றிச் செருகினேன். விளக்கு எரியவில்லை, புகையும் வரவில்லை, ஆனால் உள்ளே ஒரு ஐசி போய்விட்டது. மின்சாரத்தை அணைத்துவிட்டு, பலகையில் அச்சிட்டிருக்கும் குறியை இருமுறை படித்து, கோட்டை அதனோடு பொருத்திய பிறகே சுவிட்சைப் போடுங்கள். மாட்யூலைக் கழற்றும்போதும் மின்சாரம் அணைந்திருக்க வேண்டும்.

சிந்தசைசரையும் மாட்யூலர் பெட்டியையும் ஒரே பிளக் பலகையில் செருகுங்கள். இரண்டும் அறையின் வெவ்வேறு மூலைகளிலிருந்து மின்சாரம் எடுத்தால், தரை இணைப்புகளுக்கிடையில் வளையம் உண்டாகி 50 ஹெர்ட்ஸிலும் 100 ஹெர்ட்ஸிலும் ரீங்காரம் புகும். இந்த 50 ஹெர்ட்ஸ் ஏறத்தாழ 5 கட்டை ஸட்ஜத்தின் மிகக் கீழ் ஸ்தாயி. அதன் சரியான அளவு 49 ஹெர்ட்ஸ். எனவே 5 கட்டையில் சுருதி வைத்துத் தாழ்ந்த ஸ்வரம் வாசிப்பவருக்கு, ரீங்காரமும் ஸ்வரமும் மோதி, எங்கிருந்து வருகிறது என்று தெரியாத ஓர் அதிர்வு கேட்டுக்கொண்டே இருக்கும். வீட்டு இன்வெர்ட்டர் சதுர அலை வகையாக இருந்தால் மின்தடை நேரத்தில் இரைச்சல் இன்னும் கூடும். வாசிப்பதற்கு சைன் அலை இன்வெர்ட்டர் தேவை.

எந்த ஆசிலேட்டர்

சுருக்கமாகவே சொல்கிறேன். அனலாக் ஆசிலேட்டர் வாங்கினால் ரம்பப்பல், சதுரம், முக்கோணம், சைன் என்ற நான்கு அலைகளும், ஒத்திசைவுக்கான சிங்க் உள்ளீடும், அதிர்வெண் பண்பேற்றத்துக்கான, அதாவது வேறொரு மின்னழுத்தத்தால் அதிர்வெண்ணை அசைப்பதற்கான, எஃப்எம் உள்ளீடும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். டிஜிட்டல் வகையில் மியூட்டபிள் இன்ஸ்ட்ரூமெண்ட்ஸ் 2018-இல் வெளியிட்ட பிளெய்ட்ஸ், 12 ஹெச்பி அகலத்தில் தந்தி, பேச்சொலி, தாளக் கருவி உட்பட 16 வகை ஒலிகளைத் தொடக்கத்திலேயே கொண்டிருந்தது. அதன் வடிவமைப்பு திறந்த மூலமாக வெளியிடப்பட்டதால், பிறர் செய்த வடிவங்களும் கிடைக்கின்றன. என் பரிந்துரை, முதலில் அனலாக் ஒன்றை வாங்குவது. டிஜிட்டல் ஆசிலேட்டர் வெயிலுக்கு அசையாது என்பது உண்மை. ஆனாலும் இரண்டு அலைகள் சேர்வதையும் பிரிவதையும் காது கற்றுக்கொள்வதற்கு, கையால் திருகிச் சேர்க்கும் அனலாக் கருவியே நல்ல ஆசிரியர்.

முதல் இணைப்பு

கருவிகளை இயக்கி அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். ஒலிபெருக்கியின் அளவை முழுவதும் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரே ஒரு வயர். மாட்யூலின் ரம்பப்பல் அலை வெளியீட்டிலிருந்து மதர்-32-இன் எக்ஸ்ட். ஆடியோ ஜாக்குக்குக் கொண்டுபோங்கள். இந்த ஜாக்கில் எதுவும் செருகாதபோது அந்த இடத்தில் கருவியின் உள் இரைச்சல் ஒலி இருக்கும். வயர் செருகியதும் அதற்குப் பதிலாக உங்கள் ஆசிலேட்டர் வந்து அமரும். ‘மிக்ஸ்’ குமிழை ஒரு பக்கம் திருப்பினால் கருவியின் சொந்த ஆசிலேட்டர், மறுபக்கம் திருப்பினால் வந்தவர், நடுவில் இருவரும்.

மாட்யூலர் ஒலி உச்சியிலிருந்து உச்சிக்கு ஏறத்தாழ 10 வோல்ட் வீச்சு கொண்டது. மதர்-32 யூரோராக் அளவிலேயே வடிவமைக்கப்பட்டதால் அதைத் தாங்கிக்கொள்ளும். வீட்டு ஆடியோ கருவிகளின் லைன் அளவு ஏறத்தாழ 1 வோல்ட்டுக்குள் அடங்குவது. உங்கள் சிந்தசைசரின் வெளி ஒலி உள்ளீடு லைன் அளவுக்கானது என்றால் இடையில் ஒரு அட்டெனுவேட்டர் மாட்யூல் வைத்துப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துக் கொடுங்கள்.

இப்போது விசைகளை அழுத்தினால் கருவியின் சொந்த ஸ்வரம் ஏறி இறங்கும். வெளியிலிருந்து வந்தது ஒரே ஸ்வரத்தில் நிற்கும். இந்த நிலையைப் பிழையென்று எண்ணி அவசரமாகக் கடந்துவிட வேண்டாம். மாட்யூலை ஸட்ஜத்தில் நிறுத்தி, மிக்ஸ் குமிழை நடுவில் வைத்து, மெதுவாக ஆரோகண அவரோகணம் வாசியுங்கள். ஒத்து கிடைத்துவிட்டது. ஒரு வயரில் கிடைக்கும் இந்த ஒலியிலேயே ஒரு மாலை முழுவதும் இருக்கலாம், இருந்திருக்கிறேன்.

பிறகு இரண்டாவது வயர். கேபி ஜாக்கிலிருந்து மாட்யூலின் 1வி/ஆக்ட் உள்ளீட்டுக்கு. இனி இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும், அதாவது ஏறி இறங்க முயலும்.

சுருதி சேர்த்தல்

இரண்டு ஆசிலேட்டர்களிலும் ரம்பப்பல் அலையை வையுங்கள். ஃபில்டரை நன்றாகத் திறந்துவிடுங்கள். கீழ் ஸ்தாயியில் 1 கட்டை ஸட்ஜம் ஒன்றைப் பிடித்து, மாட்யூலின் பெரிய குமிழால் அருகில் கொண்டுவந்து, பிறகு நுண் குமிழால் நெருங்குங்கள். இரண்டு ஸ்வரங்களும் நெருங்கும்போது ஒலி கூடிக் குறைந்து ‘வாவ், வாவ்’ என்று அசையும். பள்ளி இயற்பியலில் விம்மல் என்று படித்தது இதுதான். ஒன்று 440, மற்றொன்று 442 ஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு 2 விம்மல். விம்மல் மெதுவாகி, நின்றதும் கையை எடுங்கள்.

ஃபில்டரைத் திறக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 65.4 ஹெர்ட்ஸ் ஸட்ஜத்தில் 5 சென்ட் பிழை இருந்தால் அடிப்படை ஒலியில் ஐந்து வினாடிக்கு ஒரு விம்மல்தான் வரும். அவ்வளவு மெதுவான அசைவை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் ரம்பப்பல் அலையில் எல்லாச் சீரிசைகளும், அதாவது அடிப்படை அதிர்வெண்ணின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று மேலே எழும் ஒலிகளும், இருக்கின்றன. எட்டாவது சீரிசையில் அதே பிழை எட்டு மடங்கு வேகமாக, வினாடிக்கு ஒன்றரை விம்மலாகக் கேட்கும். ஃபில்டர் மூடியிருந்தால் இந்தத் துப்பு காதுக்கு எட்டாது. தம்பூராவைச் சேர்ப்பவர் அடி ஒலியை விட்டு மேலே எழும் இழைகளைக் கேட்பதும் இதே காரணத்தால்தான்.

கீழ் ஸட்ஜம் சேர்ந்ததும் மூன்று ஸ்தாயி மேலே போய் அதே ஸட்ஜத்தை வாசியுங்கள். அங்கேயும் விம்மல் இல்லையென்றால் உங்கள் வேலை முடிந்தது. பெரும்பாலும் அப்படி இருக்காது. மேலே மாட்யூல் இறங்கிக் கேட்டால், அது ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி முழுவதும் ஏறவில்லை என்று பொருள். ஏறிக் கேட்டால் கூடுதலாக ஏறுகிறது. பல மாட்யூல்களில் இதைத் திருத்த ஒரு சிறு திருகு உண்டு. மேல் ஸ்வரத்தில் அதைச் சற்றே திருகி, மீண்டும் கீழே வந்து நுண் குமிழால் ஸட்ஜத்தைச் சேர்த்து, மறுபடி மேலே போய்ப் பாருங்கள். திருகைத் தொட்டால் கீழ் ஸ்வரமும் கொஞ்சம் நகரும் என்பதால் நான்கைந்து சுற்று வர வேண்டியிருக்கும். திருகும் அளவு ஒவ்வொரு சுற்றிலும் குறைந்துகொண்டே வர வேண்டும். கூடிக்கொண்டே போனால் தவறான திசையில் திருகுகிறீர்கள்.

இரண்டாவது மாட்யூலையும் வாங்கியவர்கள் இங்கே ஒரு சிக்கலைச் சந்திப்பார்கள். ஒரே ஸ்வர மின்னழுத்தத்தைச் சாதாரண ஒய் வயரால் இரண்டாகப் பிரித்துக் கொடுத்ததும், அதுவரை சரியாக இருந்த முதல் மாட்யூலும் சுருதி இறங்கிவிடும். மாட்யூல் பழுதாகிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். மின்னழுத்தம் தரும் ஜாக்குக்கு 1,000 ஓம், வாங்கும் ஒவ்வொரு ஜாக்குக்கும் 1,00,000 ஓம் மின்தடை என்று வைத்துக்கொண்டால், 3 வோல்ட் ஸ்வரம் ஒரு மாட்யூலுக்கு 2.970 வோல்ட்டாகவும், இரண்டு மாட்யூல்கள் இருக்கும்போது 2.941 வோல்ட்டாகவும் சேரும். வித்தியாசம் 29 மில்லிவோல்ட். முன்பு சொன்ன கணக்கில் 35 சென்ட், அதாவது அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். பஃபர்டு மல்டிபிள் என்ற சிறு மாட்யூல் இந்த இறக்கத்தைத் தடுத்துப் பிரித்துக் கொடுக்கும். மூன்றாவது ஆசிலேட்டருக்குச் செலவழிக்கும் முன் இதற்குச் செலவழியுங்கள்.

இனி வெயில். அனலாக் ஆசிலேட்டரில், மின்னழுத்தத்தை அதிர்வெண்ணாக மாற்றும் இடத்தில் டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. அவற்றின் இயல்பு அறைச் சூட்டில் ஒரு டிகிரி செல்சியசுக்கு ஏறத்தாழ 0.33 சதவீதம் மாறும். எந்த ஈடும் செய்யாவிட்டால், 10 டிகிரி மாற்றத்தில் மூன்று ஸ்தாயிக்குள் ஓர் அரைச்சுரத்துக்கும் மேலான பிழை சேர்ந்துவிடும். வடிவமைப்பாளர்கள் சூட்டுக்கு ஏற்ப மாறும் மின்தடை ஒன்றை வைத்து இதன் பெரும்பகுதியைச் சரிசெய்கிறார்கள். எஞ்சியிருப்பதைச் சரிசெய்வது வாசிப்பவரின் பொறுப்பு. அரை மணி நேரம் காத்திருக்கச் சொன்னது இதனால்தான். பெட்டிக்குள் சூடு ஏறி ஒரு நிலைக்கு வருவதற்கு முன் அந்தத் திருகைத் தொட்டால், நிலையில்லாத ஒன்றுக்கு ஏற்பத் திருத்துகிறீர்கள்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு மே மாதத்தில். ஏற்காட்டில் ஒரு மாலை நிகழ்ச்சிக்காக, நண்பகலில் சேலம் அம்மாபேட்டை வீட்டில், மின்விசிறி சுற்றியும் வேர்க்கும் அறையில் மணிக்கணக்காகச் சுருதி சேர்த்துவிட்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி 1,500 மீட்டர் உயரத்தில், இருட்டும் நேரத்தில் திறந்த புல்வெளியில் கருவிகளை விரித்தேன். கீழ் ஸட்ஜம் ஏறக்குறைய சேர்ந்திருந்தது. மேல் ஸ்தாயிக்குப் போனதும் இரண்டும் பிரிந்து கேட்டன, குளிர்க்காற்று வீசும் போதெல்லாம் இன்னும் நகர்ந்தன. அன்று மாட்யூலைக் கேபி வயரிலிருந்து கழற்றி, ஒத்தாக மட்டும் வைத்து வாசித்து முடித்தேன். அதன் பிறகு மலைக்குப் போகும்போது அங்கேயே முக்கால் மணி நேரம் இயக்கி வைத்து, வாசிக்கும் இடத்திலேயே, காற்றுக்கு ஒரு மறைப்பு கொடுத்துச் சேர்க்கிறேன். திரும்பி இறங்கியதும் பெட்டியை உடனே திறக்கக் கூடாது. குளிர்ந்த பலகையின் மேல் சமவெளியின் சூடான ஈரக்காற்று பட்டால் நீர்த்துளி படியும். மூடியபடியே வைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்து இயக்குங்கள்.

சேர்ந்த பிறகு

சுருதி முழுவதும் சேர்ந்ததும், நுண் குமிழை ஒரு மயிரிழை விலக்குங்கள். 8 சென்ட் விலகினால் 440 ஹெர்ட்ஸ் அருகே வினாடிக்கு 2 விம்மல் வரும். ஒலி உடனே அகன்று, இரண்டு பேர் சேர்ந்து பாடுவது போல் நிறையும். ஒரு ஸ்தாயி மேலே போனால் அதே விலகல் 4 விம்மலாகும். ஆகவே விலக்கும் அளவை, நீங்கள் அதிகம் வாசிக்கப் போகும் ஸ்தாயியில் வைத்துத் தீர்மானியுங்கள்.

அடுத்து பஞ்சமம். மாட்யூலை ஸட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஏற்றி, விம்மல் நிற்கும்வரை சேர்த்தால் 3:2 என்ற இயற்கையான விகிதம் கிடைக்கும். ஸ்தாயியை 12 சம அரைச்சுரங்களாகப் பிரிக்கும் கீபோர்டின் பஞ்சமத்தைவிட இது 2 சென்ட் கூடுதல். சுருதிப் பெட்டியோடு வளர்ந்த காதுக்கு அந்த 2 சென்ட்டின் அமைதி தெரியும். ஆனால் விசைகளில் ஏறி இறங்கும்போது ஒவ்வொரு ஸ்வரத்தின் மேலும் அதன் பஞ்சமம் ஒட்டிக்கொண்டே வரும் என்பதால், ராக ஆலாபனைக்கு இது பொருந்தாது. தாழ்ந்த ஸ்தாயியில் நீண்டு நிற்கும் ஒலிகளுக்குப் பொருந்தும்.

சுருதியைப் பற்றிக் கவலைப்படாமல் ஒலியின் குணத்தை மாற்ற வேண்டுமானால் சிங்க் இருக்கிறது. கருவியின் விசிஓ (அதன் சொந்த ஆசிலேட்டர்) ரம்பப்பல் வெளியீட்டை மாட்யூலின் சிங்க் உள்ளீட்டில் செருகினால், கருவியின் ஒவ்வொரு அலையும் முடியும்போது மாட்யூலின் அலை தொடக்கத்துக்கு இழுக்கப்படும். கேட்கும் ஸ்வரம் கருவியுடையதாகவே இருக்க, மாட்யூலின் குமிழைத் திருகத் திருக ஒலி மட்டும் கிழிந்து கூர்மையாகும். ஒவ்வொரு ஸ்வரத்தோடும் ஏறி இறங்கும் மின்னழுத்தம் தரும் ‘இஜி’ ஜாக்கிலிருந்து மாட்யூலின் எஃப்எம் உள்ளீட்டுக்கு ஒரு வயர் கொடுத்தால் அந்தத் திருகலை ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கருவியே செய்யும்.

திசையை மாற்றி, மாட்யூலின் சைன் அலையை மதர்-32-இன் ‘லின் எஃப்எம்’ உள்ளீட்டில் கொடுத்தால் மணி போன்ற, வெண்கலத் தட்டு போன்ற ஒலிகள் வரும். இதற்கு லீனியர் உள்ளீட்டையே பயன்படுத்துங்கள். எக்ஸ்பொனென்ஷியல் உள்ளீட்டில் பண்பேற்றத்தைக் கூட்டும்போதே ஸ்வரமும் இடம் பெயர்ந்துவிடும். அது வேறு விளைவுகளுக்கு நல்லது, ஸ்வரமாக வாசிப்பதற்கு அல்ல.

இரண்டு வெளி ஆசிலேட்டர்கள் சேர்ந்துவிட்டால் தனி மிக்ஸர் வாங்குமுன், மதர்-32-இலேயே இருப்பதைப் பயன்படுத்துங்கள். ஒன்றை ‘மிக்ஸ் 1’, மற்றதை ‘மிக்ஸ் 2’ ஜாக்குகளில் கொடுத்து, ‘விசி மிக்ஸ்’ வெளியீட்டை எக்ஸ்ட். ஆடியோவில் செருகினால் மூன்று அலைகளும் ஒரே ஃபில்டருக்குள் வந்துவிடும்.

பிடித்த ஒலி ஒன்று அமைந்ததும் வயர்களைக் கழற்றுவதற்கு முன் ஒரு நோட்டில் எந்த ஜாக்கிலிருந்து எந்த ஜாக்குக்கு என்று எழுதி, குமிழ்களின் நிலையைக் கைபேசியில் படம் பிடித்து, பக்கத்தில் அன்றைய அறைச் சூட்டையும் குறித்து வையுங்கள். அடுத்த முறை அதே வயர்களைச் செருகியும் ஒலி சேரவில்லையென்றால், குமிழ்களைச் சந்தேகிப்பதற்கு முன் அந்த எண்ணைப் பாருங்கள்.